கோட்டைக்குப் பின்னால் ஒரு சூரியன்: தபால் தலை வரைந்த ஓவியர் முஹா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் ஆல்பத்தில் செக்கோஸ்லோவாகியா பக்கத்தைத் திறந்தால் முதலில் இருப்பவை இரண்டு சின்னத் தபால் தலைகள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. பார்க்கப் பெரிய கவர்ச்சி எதுவும் கிடையாது. புரட்டிக்கொண்டே போய்விடுவார்கள். "இதை வரைந்தவர்தான் அந்தப் பாரிஸ் போஸ்டர்களையும் வரைந்தவர்" என்று சொன்னதும் கை நின்றுவிடும், அப்புறம் கேள்விகள் வரிசையாக வரும். வருடக்கணக்கில் பார்த்துவிட்டேன், ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, பதிலைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

யார் சார் இவர்? பேரை எப்படிச் சொல்றது, முச்சாவா முக்காவா?

இரண்டும் இல்லை. 'முஹா' என்பதுதான் கிட்டத்தட்டச் சரி. அந்த ஹ தொண்டையிலிருந்து கொஞ்சம் கரகரப்பாக வர வேண்டும். செக் மொழியில் அல்ஃபோன்ஸ் முஹா, பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அல்ஃபோன்ஸ் முஷா. பக்கத்து மொழிகளான ஸ்லோவாக், போலிஷ் இரண்டிலும் 'முஹா' என்றால் ஈ. பெயரில் ஈயை வைத்துக்கொண்டு பாரிஸையே மொய்க்க வைத்த மனிதர்.

1860 ஜூலை 24 அன்று மொராவியாவில் இவான்சிட்சே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசின் பகுதி, இன்று செக் குடியரசில் இருக்கிறது. அப்பா நீதிமன்றத்தில் சேவகர். அம்மா மாவுமில் நடத்தியவர் வீட்டுப் பெண். நடக்கத் தெரிவதற்கு முன்பே வரையத் தொடங்கிவிட்டான் பிள்ளை என்று அம்மா அவன் கழுத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டதாகக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. பெரிய ஓவியர்கள் எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும், அந்த அளவுக்கு இதையும் நம்பலாம்.

முறையா ஓவியக் கல்லூரியில படிச்சவரா?

படிக்கப் போனார், சேர்க்கவில்லை. 1878இல் பிராக் நகரத்துக் கலைக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். வேறு பிழைப்பைப் பார் என்கிற தோரணையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா வேலை பார்த்த நீதிமன்றத்திலேயே குமாஸ்தாவாகக் கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு வியன்னாவில் நாடகங்களுக்குத் திரைச்சீலை வரையும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நம் ஊர் நாடகக் கம்பெனிகளுக்குக் காடு, அரண்மனை, தெரு என்று படுதா எழுதிக் கொடுத்தார்களே, அதே தொழில்தான்.

1881 டிசம்பரில் வியன்னாவின் ரிங் தியேட்டர் எரிந்துபோனது. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்த விபத்து அது. அவருடைய கம்பெனிக்குப் பெரிய வாடிக்கையாளரும் அந்தத் தியேட்டர்தான், அதனால் சின்னப் பையன்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் இருந்த காசுக்கு எதுவரை ரயில் டிக்கெட் கிடைக்குமோ அதுவரை போய் மிகுலோவ் என்ற ஊரில் இறங்கி, அங்கே உருவப்படம் வரைந்து பிழைத்தார். கூன்-பெலாசி என்ற பிரபுவின் கண்ணில் பட்டது அங்கேதான். பிரபு தன் மாளிகைச் சுவர்களை வரைய வைத்தார். பிறகு அந்தக் குடும்பமே செலவு செய்து மியூனிக்கிலும், 1880களின் கடைசியில் பாரிஸிலும் படிக்க அனுப்பியது. படிப்பு அப்படித்தான் நடந்தது, கல்லூரி வாசல் வழியாக அல்ல.

பாரிஸ்ல ஒரே ராத்திரியில புகழ் வந்துச்சாமே?

ஒரே இரவு என்று சொன்னால் அதற்கு முந்தின ஐந்தாறு வருடப் பட்டினியை மறந்துவிடுகிறோம். 1889 வாக்கில் பிரபு வீட்டுப் பணம் நின்றுபோனது. பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் படம் போட்டுத்தான் காலம் தள்ளினார். 1893இல் ஓவியர் பால் கோகேன் பசிபிக் தீவுகளிலிருந்து கையில் காசில்லாமல் திரும்பியபோது, முஹாவின் ஸ்டுடியோவில்தான் கொஞ்ச காலம் ஒண்டியிருந்தார். கால்சட்டை போடாமல் ஹார்மோனியம் வாசிக்கும் கோகேனை முஹா எடுத்த புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வரும்.

பிறகு நடந்ததை அவரே பின்னாளில் இப்படிச் சொன்னார். 1894 கிறிஸ்துமஸ் சமயம். லெமெர்சியே அச்சகத்தில் நண்பர் ஒருவருக்குப் பதிலாக அச்சுப் பிரதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். நடிகை சாரா பெர்னாரிடமிருந்து அவசரச் செய்தி: 'ஜிஸ்மோண்டா' நாடகத்துக்குப் புது போஸ்டர் வேண்டும், புத்தாண்டு அன்று சுவரில் இருக்க வேண்டும். வழக்கமாக வரைபவர்கள் எல்லாரும் விடுமுறையில். சரி, இருக்கிற ஆளிடம் கொடுத்துப் பார்ப்போம் என்று முஹாவிடம் கொடுத்தார்கள். 1895 ஜனவரி 1 அன்று பாரிஸ் சுவர்களில் இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான, ஒல்லியான, பொன்னும் ஊதாவுமாக ஒரு கல்லச்சுப் போஸ்டர். ஜனங்கள் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு போனார்களாம். பெர்னார் ஆறு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார். பெர்னாரை அவர் அதற்கு முன்பே பத்திரிகைக்காக வரைந்திருக்கிறார் என்பதால், கதையில் அதிர்ஷ்டத்தின் பங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அவ்வளவு சம்பாதிச்சவர் பாரிஸை விட்டு ஏன் வந்தார்?

காசு வந்தது, திருப்தி வரவில்லை. சிகரெட் காகிதத்துக்கு, பிஸ்கட்டுக்கு, ஷாம்பெயினுக்கு என்று அழகான பெண்களை வரைந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். கூந்தல் கொடிபோல் சுருண்டு ஓடும், தலைக்குப் பின்னால் ஒரு வட்டம். பாரிஸில் இதற்கு 'முஹா பாணி' என்றே பெயர் வந்துவிட்டது. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் போஸ்னியா-ஹெர்சகோவினா கூடத்தை அலங்கரிக்கும் வேலையை ஆஸ்திரிய அரசு அவரிடம் கொடுத்தது. அதற்காகப் பால்கன் பகுதிகளைச் சுற்றிப் பார்க்கப் போனவருக்கு ஸ்லாவ் மக்களின் (செக், போலிஷ், ரஷ்யன், செர்பியன் போன்ற உறவு மொழிகள் பேசுபவர்களின்) கதையை மாபெரும் ஓவியங்களாக வரைய வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது.

ஆசைக்குப் பணம் வேண்டுமே. 1904 முதல் பலமுறை அமெரிக்கா போனார், வரைந்தார், கற்பித்தார். கடைசியில் சிகாகோ தொழிலதிபர் சார்லஸ் கிரேன் 1909இல் செலவை ஏற்றுக்கொண்டார். அதற்கு முன்பே 1906இல் மருஷ்கா ஹிட்டிலோவாவை மணந்திருந்தார். 1910இல் ஊர் திரும்பினார். அப்போது அவருக்கு ஐம்பது வயது. தபால் தலைக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது.

ஸ்டாம்ப் வேலை இவர் கைக்கு எப்படி வந்தது?

1918 அக்டோபர் 28 அன்று பிராக்கில் செக்கோஸ்லோவாகியா என்ற புது நாடு அறிவிக்கப்பட்டது. நாடு பிறந்துவிட்டது, ஆனால் மறுநாள் காலை தபால் நிலையத்தில் விற்கத் தலை இல்லை. ஆஸ்திரியத் தலைகளையும், ஸ்லோவாகியப் பக்கத்தில் ஹங்கேரியத் தலைகளையும் வைத்துத்தான் சமாளித்தார்கள். யாரிடமிருந்து பிரிந்தோமோ அவர்களுடைய சின்னமே நம் கடிதத்தில் என்றால் யாருக்குப் பிடிக்கும்? உடனே புதிது வேண்டும். செக் ஓவியர்களில் உலகத்துக்கே தெரிந்த பெயர் முஹா, அச்சுக்கு வரைவது அவருக்குக் கை வந்த கலை, ஆளும் ஊரிலேயே இருக்கிறார். வேறு யாரைக் கேட்பார்கள்?

டிசம்பர் 18 அன்று முதல் இரண்டு தலைகள் விற்பனைக்கு வந்தன. 5 ஹெல்லர் பச்சை, 10 ஹெல்லர் சிவப்பு. (100 ஹெல்லர் ஒரு கிரௌன், பழைய ஆஸ்திரியக் கணக்கு அப்படியே தொடர்ந்தது.) நாடு பிறந்து 51 நாளில் தலை வந்துவிட்டது. செக் நாட்டில் இன்றும் டிசம்பர் 18தான் தபால் தலை நாள்.

அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ள என்னதான் வரைஞ்சிருக்கார்?

பிராக் நகரத்துக் கோட்டை. அந்தக் குன்றுக்கும் பகுதிக்கும் ஹ்ராட்சானி என்று பெயர். சேகரிப்பவர்கள் இந்தத் தலைகளையும் 'ஹ்ராட்சானி' என்றே அழைக்கிறார்கள். நீளமாக அரண்மனை, அதன் நடுவிலிருந்து எழும் புனித விட்டஸ் பேராலயத்தின் கோபுரங்கள், பின்னால் கதிர் விரிக்கும் சூரியன். சுற்றிலும் இலையும் பூவுமாக நாட்டுப்புறச் சாயலில் சட்டம். சட்டத்தில் 'செக்கோ-ஸ்லோவாக் தபால்' என்று, நடுவில் ஒரு சிறு கோடு போட்டு எழுதியிருக்கும்.

இதே படத்தைச் சட்டத்தில் சின்னச் சின்ன மாற்றங்களோடு பல மதிப்புகளுக்குப் பயன்படுத்தினார்கள். 1 ஹெல்லரில் தொடங்கி 1000 ஹெல்லர் வரை போகிறது வரிசை. எது எந்த வகை என்று பிரிப்பதற்கே சிலர் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

ஒரு தலைவர் முகம்கூட இல்லையே? எல்லா நாட்டு ஸ்டாம்ப்லயும் ஒரு முகம் இருக்குமே?

முதல் காரணம், முகம் என்றாலே பேரரசர்தான் என்று ஆகியிருந்த காலம். அதற்கு முன் அந்த மண்ணில் ஒட்டிய தலைகளில் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துப் பேரரசர்கள் வரிசையாக நின்றார்கள். 1908 வரிசை மிக அழகானது. அதை வடிவமைத்தவரும் ஓவியர்தான், வியன்னாவின் கோலோமன் மோஸர். 1906இல் போஸ்னியாவுக்கு அவர் செய்த தலைகளை நான் முஹாவுடையவற்றைவிட ஒரு படி மேலாகவே வைப்பேன். மோஸர் 1918 அக்டோபர் 18 அன்று இறந்தார். பத்து நாள் கழித்து, அவர் தலை வரைந்து கொடுத்த பேரரசிலிருந்து செக்கோஸ்லோவாகியா பிரிந்தது.

இரண்டாவது காரணம் எளிது. குடியரசுத் தலைவர் மசாரிக் அப்போது நாட்டிலேயே இல்லை. நவம்பர் 14 அன்று தேர்ந்தெடுத்தார்கள், அவர் வெளிநாட்டிலிருந்து பிராக் வந்து சேர்ந்தது டிசம்பர் 21 அன்று. தலை அவருக்கு மூன்று நாள் முந்திக்கொண்டது. அவர் முகம் போட்ட தலைகள் 1920இல்தான் வந்தன. அவற்றை வரைந்தவர் மாக்ஸ் ஷ்வாபின்ஸ்கி.

சூரியன் தப்பான இடத்துல உதிக்குதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். எல்லாரும் விரும்பிக் கேட்கும் கேள்வி இது. கோட்டையை நகரத்துப் பக்கமிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருக்கிறார். நகரம் கோட்டைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் விரிந்து கிடக்கிறது. அங்கே நின்று பார்த்தால் கோட்டைக்குப் பின்னால் இருப்பது வடக்கும் மேற்கும். அந்தப் பக்கம் சூரியன் எழாது. புது நாட்டின் விடியல் என்று அவர் நினைத்து வரைந்ததை, பிராக்கில் பிறந்து வளர்ந்தவர்கள் பார்த்த உடனே பிடித்துவிட்டார்கள். 'மறைகிற சூரியன் என்று வைத்துக்கொள்ளலாமே' என்று சமாளிக்கவும் வழியில்லை. பிறந்து 51 நாளான நாட்டுக்கு அஸ்தமனமா என்று அடுத்த கேள்வி வந்துவிடும்.

பின்னால் வந்த வகைகளில் சூரியனை எடுத்துவிட்டார்கள். உங்களிடம் ஒரு ஹ்ராட்சானி இருந்தால் முதலில் பேராலயத்துக்குப் பின்னால் பாருங்கள். கதிர் இருந்தால் முந்தினது, வெறும் வானம் என்றால் பிந்தினது. எனக்கு என்னவோ சூரியன் இருப்பதுதான் பிடிக்கும். போஸ்டரில் பெண்ணின் தலைக்குப் பின்னால் வட்டம் போட்டுப் பழகிய கை, இங்கே கோட்டையின் தலைக்குப் பின்னால் ஒன்றைப் போட்டுவிட்டது. இருபது வருடப் பழக்கம் திசை பார்க்குமா?

என்கிட்ட இருக்கிறதுல ஓரத்துல பல்லே இல்லை. அச்சுப் பிழைதானே? நல்ல விலைக்குப் போகுமா?

ஆசையைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும், அதுதான் சாதாரணம். முதல் ஹ்ராட்சானிகள் ஓரத்தில் துளை போடாமலே விற்கப்பட்டன. தபால் நிலையத்தில் தாளாக வரும், கத்தரிக்கோலால் வெட்டி ஒட்ட வேண்டியதுதான். அவசரம் ஒரு காரணம். நம் பழக்கத்தில் பல் இல்லை என்றால் பிழை, பிழை என்றால் லட்சம் என்று ஒரு கணக்கு ஓடும், இந்த வரிசையில் அது தலைகீழ்.

எச்சரிக்கை வேண்டியது துளை உள்ளவற்றில்தான். பின்னால் அதிகாரப்பூர்வமாகத் துளை போட்டு வந்தவையும் உண்டு, தனியார் தங்கள் வசதிக்காகத் துளையிட்டவையும் ஏராளம், விற்பதற்காகவே பிற்பாடு துளையிட்டு ஏமாற்றியவையும் உண்டு. சாதாரண மதிப்புகள் கோடிக்கணக்கில் புழங்கியவை. அவற்றின் விலை ஒரு டீக்காசு, மிஞ்சினால் ஒரு சாப்பாட்டுக் காசு. அபூர்வ வகை என்று யாராவது பெரிய தொகை சொன்னால் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள். நான் ஒருமுறை வாங்கி, துளை என் வயதைவிட இளையது என்று தெரிந்துகொண்டேன்.

நம்ம கண்ணுக்கு அச்சு ரொம்ப மங்கலா இருக்கே, இவ்வளவு பெரிய ஓவியரோட வேலையா இது?

மங்கல்தான். முதல் உலகப் போர் முடிந்து ஒரு மாதம் சொச்சமே ஆகியிருந்த காலம். தாள் மட்டம், மை மட்டம். பிராக்கில் ஒரு தனியார் அச்சகத்தில் புத்தகம் அடிப்பதுபோல எழுத்தச்சு முறையில் அடித்தார்கள். மெல்லிய கோடுகள் மையில் அடைத்துக்கொண்டன.

அதையும் தாண்டி, வரைவிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது என்பது என் கருத்து. முஹா இரண்டு மீட்டர் உயரத்துக்குப் பழகியவர். போஸ்டரில் அலங்காரச் சட்டம் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் நடுவில் ஆள் நிற்கும், கண்ணுக்கு மூச்சுவிட இடம் இருக்கும். மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாத கட்டத்தில் அதே அடர்த்தியைத் திணித்தால் கோட்டை ஒரு பக்கம், இலை ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சந்தைக் கூட்டமாகிவிடுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அழகு. கடித உறையில் பார்த்தால் ஒரு கறை மாதிரி. இதைச் சொன்னதற்காகச் சேகரிப்பாளர்கள் என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள், போடட்டும்.

வரைஞ்சவரும் செதுக்கினவரும் ஒருத்தர்தானா?

பலருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. உருக்குத் தகட்டில் செதுக்கி அச்சிடும் தலைகளுக்கு இரண்டு பேர் வேண்டும். ஓவியர் பெரிதாக வரைந்து கொடுப்பார், செதுக்குபவர் அதைத் தலை அளவில், இடவலம் மாற்றி, கோடு கோடாக உலோகத்தில் வெட்டுவார். செக்கோஸ்லோவாகியா பின்னாளில் இந்தச் செதுக்கு வேலைக்கே உலகப் புகழ் பெற்றது.

ஹ்ராட்சானி அப்படி அல்ல. முந்தின பதிலில் சொன்ன எழுத்தச்சு என்பதால் அதில் உருக்கைச் செதுக்கும் கலைஞர் யாரும் இல்லை. வரைபடத்தைப் படம்பிடித்துச் சுருக்கி அச்சுத்தகடு செய்வார்கள். செதுக்குபவர் நடுவில் இருந்திருந்தால், 'ஐயா, இந்த இலையை எடுத்துவிடலாமா' என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்.

ஹ்ராட்சானி ஒண்ணுதானா, வேற ஸ்டாம்பும் வரைஞ்சாரா?

வரைந்தார். செய்தித்தாள்களை அனுப்புவதற்கென்று தனித் தலை உண்டு, அதில் சிறகு விரித்துப் பறக்கும் ஒரு வல்லூறு. விரைவுச் சேவைத் தலையில் புறாக்கள். போதுமான தலை ஒட்டாத கடிதத்துக்கு வாங்குபவரிடம் வசூலிக்க ஒரு தலை, அதில் எண்ணும் இலை அலங்காரமும் மட்டும். எனக்கு மிகப் பிடித்தது அந்த வல்லூறுதான். ஒரே பறவை, ஒரே வீச்சு. சின்ன இடத்தில் என்ன செய்யலாம் என்று அவருக்கும் அதற்குள் பிடிபட்டுவிட்டது போலும்.

1920இல் ஹுஸைட் பாதிரியார் உருவம் போட்ட தலையும் இவருடையது. ஹுஸைட் என்றால் யான் ஹுஸ் வழி வந்தவர்கள். திருச்சபையைச் சீர்திருத்தச் சொன்னதற்காக 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டவர் ஹுஸ். செக் மக்களுக்கு அவர் வெறும் மதகுரு அல்ல, மொழிக்கும் மானத்துக்கும் நின்றவர். அவர் பெத்லகேம் சிற்றாலயத்தில் பிரசங்கம் செய்யும் காட்சியை முஹா 1916இல் பிரமாண்டமாக வரைந்திருக்கிறார். ஹுஸைட் தலை வந்த அதே 1920இல் வந்த வேறு தலைகளை வேறு ஓவியர்கள் செய்தார்கள். கடிதம் சுமக்கும் புறா யாரோஸ்லாவ் பெண்டாவுடையது, சங்கிலி அறுக்கும் பெண் பிரன்னருடையது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முஹா கொஞ்சம் பழைய காலத்து ஆளாகத்தான் தெரிகிறார்.

முதல் ஸ்டாம்ப்னு சொல்றீங்களே, சாரணர் ஸ்டாம்ப் அதுக்கு முன்னாடியே வந்துச்சே?

நல்ல கேள்வி, விஷயம் தெரிந்தவர்கள்தான் இதைக் கேட்பார்கள். 1918 நவம்பர் 7 முதல் 25 வரை பிராக் நகருக்குள் புது அரசின் கடிதங்களைச் சாரணச் சிறுவர்கள் கொண்டு போய்க் கொடுத்தார்கள். அதற்கு 10 ஹெல்லர் நீலம், 20 ஹெல்லர் சிவப்பு என்று இரண்டு தலைகள் இருந்தன. தேதிப்படி அவை மூத்தவை, ஆனால் முஹா வரைந்தவை அல்ல. அது ஒரு நகரத்துக்குள் ஓடிய தற்காலிக ஏற்பாடு. நாடு முழுக்கச் செல்லும் தபால் தலை என்று எடுத்தால் ஹ்ராட்சானிதான் முதல். சாரணர் தலைகளில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. பல் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இங்கே இரட்டிப்பு.

ரூபாய் நோட்டும் இவர் வரைஞ்சதுன்னு கேள்விப்பட்டேனே?

ஆமாம், புது நாட்டின் முதல் நோட்டுகளில் பலவும் முஹாவின் கை. நாணயப் பிரிவினைக்கு அவகாசம் இல்லாததால் 1919 தொடக்கத்தில் பழைய ஆஸ்திரிய நோட்டுகளின் மேலேயே சிறு முத்திரைத் தலை ஒட்டிச் செல்லுபடியாக்கினார்கள். பிறகு சொந்த நோட்டுகள் வந்தன.

1920ஆம் வருடத்து 100 கிரௌன் நோட்டில் ஒரு பெண் இருக்கிறாள். ஸ்லாவ் இனத்தின் உருவகமான 'ஸ்லாவியா' அவள். மாடலாக இருந்தவர் செக் பெண்ணே இல்லை, அமெரிக்கர். மேலே சொன்ன சார்லஸ் கிரேனின் மகள். 1908இல் முஹா அவரை ஸ்லாவியா வேடத்தில் உருவப்படம் வரைந்திருந்தார், அதையே நோட்டுக்கும் எடுத்துக்கொண்டார். செலவு செய்தவரின் மகள் முகம் ஒரு நாட்டின் பணத்தில்! நன்றிக்கடன் என்று எடுத்துக்கொள்வதா, முகம் பொருத்தமாக இருந்தது என்று விட்டுவிடுவதா என்பது உங்கள் விருப்பம்.

கிரேன் பணம் கொடுத்த அந்தப் பெரிய ஓவியங்கள் என்ன ஆச்சு?

அவற்றுக்கு 'ஸ்லாவ் காவியம்' என்று பெயர். மொத்தம் 20. பெரியவை ஆறு மீட்டருக்கு எட்டு மீட்டர். செக் நாட்டின் போஹீமியா பகுதியின் மேற்கில் ஸ்பிரோஹ் என்ற ஊர் அரண்மனையில் இடம் பிடித்து, ஏறக்குறைய பதினெட்டு வருடம் வரைந்தார். தபால் தலை வேலை நடந்தது இதற்கு நடுவில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. சாரம் கட்டி ஏறி எட்டு மீட்டர் துணியில் வரைந்துகொண்டிருந்த ஆள், இறங்கி வந்து தலைக்கு வரைந்திருக்கிறார். பாரிஸ் போஸ்டர்களை அவர் தன் பெரிய சாதனையாக நினைக்கவில்லை. ஊருக்கு என்று செய்த வேலையைத்தான் நினைத்தார். கட்டணமில்லாமல் சுவரில் கண்டு ரசிக்கும் கலை என்று போஸ்டரைப் பாராட்டுகிறோம். தபால் தலை அதற்கும் ஒரு படி மேலே போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுகிறது. அந்த எண்ணத்தோடு பார்த்தால், முந்தி நான் அச்சைப் பற்றிச் சொன்ன குறை கொஞ்சம் சிறுத்துப்போகிறது.

1928இல், நாட்டின் பத்தாவது ஆண்டு விழாவில், 20 ஓவியங்களையும் பிராக் நகரத்துக்குக் கொடுத்தார். வைக்கத் தனிக் கட்டடம் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. கட்டவில்லை. இளம் விமர்சகர்களுக்கு அவை காலாவதியான பாணி. இரண்டாம் உலகப் போரின்போது சுருட்டி மறைத்து வைத்தார்கள். 1963இல் மொராவ்ஸ்கி கிரும்லோவ் என்ற ஊர் அரண்மனையில், அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே, பார்வைக்கு வந்தன. 2012இல் பிராக் திரும்பின, 2017இல் ஜப்பான் போயின, வாரிசுகளுக்கும் நகரத்துக்கும் வழக்கு நடந்தது, 2021இல் மறுபடியும் மொராவ்ஸ்கி கிரும்லோவ். பொண்ணைக் கட்டிக் கொடுத்த இடத்தில் வீடு இல்லாத கதைதான்.

நாஜிக்கள் இவரைக் கொன்னுட்டாங்கன்னு படிச்சேன்?

நேராகக் கொல்லவில்லை. 1939 மார்ச் 15 அன்று ஜெர்மானியப் படை பிராக்குக்குள் நுழைந்தது. ஸ்லாவ் பெருமை பேசியவர், ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர் என்பதால் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ ஆரம்பத்திலேயே பிடித்து விசாரித்தவர்களில் அவரும் ஒருவர். வயது 78. விட்டுவிட்டார்கள், ஆனால் உடம்பு தேறவில்லை. ஜூலை 14 அன்று நிமோனியாவில் இறந்தார். 79 முடிய பத்து நாள் இருந்தது. பிராக்கில் விஷேஹ்ராட் குன்றின் கல்லறைத் தோட்டத்தில், நாட்டின் பெரியவர்களுக்கான பொதுச் சமாதியில் வைத்தார்கள்.

தபால் தலைக்காரர்கள் கவனிக்கும் இன்னொரு தேதி உண்டு. அவர் இறந்த மறுநாள், ஜூலை 15 அன்று, ஆக்கிரமிப்பு ஆட்சி தன் முதல் தலைகளை வெளியிட்டது. செக்கோஸ்லோவாகியத் தலைகளின் மேல் ஜெர்மன், செக் இரு மொழியிலும் 'போஹீமியா மொராவியா' என்று அச்சடித்த தலைகள்.

நடுவுல மறந்துபோன ஆள், எப்படி மறுபடி எங்க பார்த்தாலும் இவர் படம்?

1963இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. அந்தத் தலைமுறையின் ராக் இசை போஸ்டர் வரைந்தவர்கள் அந்தச் சுருள் கூந்தலைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து காபிக் கோப்பை, கைபேசி உறை வரை வந்துவிட்டது. அவர் விரும்பாத புகழ்தான் நிலைத்தது என்பதில் ஒரு குசும்பு இருக்கிறது.

பிராக் போனா அந்த ஸ்டாம்ப்ல இருக்கிற இடத்தைப் பார்க்கலாமா?

தாராளமாக. கோட்டைக்கு எதிரே, ஆற்றின் அக்கரையில் நின்றாலே தலையில் இருப்பது கண்ணுக்குத் தெரியும், சூரியன் நீங்கலாக. பிறகு மேலே ஏறிப் பேராலயத்துக்குள் போங்கள். 1344இல் தொடங்கிய கட்டடம், முஹா தலையில் வரைந்தபோதுகூட முடிந்திருக்கவில்லை. 1929இல்தான் முடித்தார்கள். முடிந்த கையோடு அதில் ஒரு ஜன்னலுக்கு வண்ணக் கண்ணாடி செய்யும் வேலை அவருக்கே வந்தது. 1931இல் வைத்தார்கள், செலவு ஸ்லாவியா வங்கியுடையது. துண்டு துண்டாகக் கோத்ததல்ல, கண்ணாடியின் மேல் தீட்டியது. ஸ்லாவ் மக்களுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த கிரில், மெத்தோடியஸ் சகோதரர்கள் கதை. நடுவில், பின்னாளில் செக் நாட்டின் காவல் புனிதரான வென்சஸ்லாஸ் சிறுவனாக, கூடவே அவன் பாட்டி லுட்மிலா.

மேற்கு வாசல் வழியாக நுழைந்தால் இடப்பக்கம் மூன்றாவது சிற்றாலயம். மதியம் போனால் வண்ணம் தரையில் கொட்டும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்து வந்து என்னிடம் கேட்டதுண்டு. அது வடக்குச் சுவர், அந்தப் பக்கம் வெயில் நேராக அடிக்காது.